அடிஷமும் ஆசீர்வாதமும்

அப்புத்தளை நகரத்திலிருந்து மேற்கே, மலைமுகட்டை ஒட்டிப் போகும் பாதையில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் போனால் அடிஷம். ஒரு பக்கம் தங்கமலைக் காடு, மறுபக்கம் தேயிலை, நடுவே சீமைப் பாணியில் கட்டிய பெரிய கல்வீடு. எழுதுகிறவர்கள் இந்தப் பெயரை அடிஷம், அடிஷாம், ஆடிஷாம் என்று கைக்கு வந்தபடி எழுதுகிறார்கள். தோட்டத்துச் சனத்தின் வாயில் 'ஷ' தேய்ந்து அது 'அடிசம் பங்களா' ஆகிவிட்டது. கொழும்பிலிருந்து சுற்றுலா வருகிறவர்களுக்கு அது ஜாம் விற்கும் இடம். உண்மையில் அது ஒரு துறவு மடம். ஆசீர்வாதப்பர் என்று தமிழ்க் கத்தோலிக்கர் அழைக்கும் புனித பெனடிக்டின் ஒழுங்கைக் கைக்கொண்டு வாழும் சில்வெஸ்திரியன் துறவிகள் அங்கே இருக்கிறார்கள்.

அடிஷம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் படித்த காது உடனே அடிசில் பக்கம் ஓடும். பழந்தமிழில் அடிசில் என்றால் சமைத்த உணவு. அடுதல் என்றால் சமைத்தல், அட்டில் என்றால் அடுக்களை. பழத்தைக் காய்ச்சிப் பாகாக்கி விற்கும் மடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்குமா? ஆனால் ஒலி ஒத்துப்போவதால் உறவு வந்துவிடாது. சொல்லாராய்ச்சியில் இறங்குகிறவர் முதலில் அடக்கிக்கொள்ள வேண்டியது இந்த ஆசையைத்தான். அடிஷம் தமிழ்ச் சொல் அல்ல, சிங்களச் சொல்லும் அல்ல. இங்கிலாந்தில், கென்ட் மாநிலத்தில், கேன்டர்பரி நகருக்குத் தென்கிழக்கே உள்ள ஒரு சின்னக் கிராமத்தின் பெயர் அது.

1086ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்த டூம்ஸ்டே ஏட்டில் அந்தக் கிராமம் 'எடெஸ்ஹாம்' என்று பதிவாகியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஹாம்' என்றால் வீடும் அதைச் சுற்றிய குடியிருப்பும். இன்றைய ஆங்கிலத்தின் 'ஹோம்' அதன் வழி வந்தது. முன்பாதி, அங்கே முதலில் குடியேறியதாகக் கருதப்படும் ஒருவனுடைய பெயர். ஆடி என்றோ ஏட் என்றோ அழைக்கப்பட்ட ஒருவன். 'அவனுடைய' என்ற பொருள் தரும் 'ஸ்' ஒலியும் 'ஹாம்' என்பதன் 'ஹ' ஒலியும் அடுத்தடுத்து நின்று, பேச்சில் ஒன்றாகி 'ஷ்' ஆகிவிட்டன. லண்டனில் லூயிஷம் சிவன் கோவிலுக்குப் போய்வரும் நம்மவர்கள் தினமும் உச்சரிக்கும் ஊர்ப்பெயரிலும் இதே 'ஹாம்'தான் இதே மாதிரி ஒளிந்துகொண்டிருக்கிறது. ஆக அடிஷம் என்றால் ஒருவனுடைய வீடு. அவ்வளவுதான் அதன் சொற்பொருள்.

ஆனால் பெயர்களுக்குச் சொற்பொருளைத் தவிர இன்னொரு பொருளும் சேர்கிறது. அது வழக்கில் சேர்வது. அடிஷத்துக்கு அது சேர்ந்த விதம் அபூர்வமானது. 616ஆம் ஆண்டு கென்ட் அரசன் ஈட்பால்ட் இந்த ஊரைக் கேன்டர்பரி கிறிஸ்து ஆலயத்துத் துறவிகளுக்குத் தானமாகக் கொடுத்தான் என்பது அந்த மடத்தின் மரபு. பாலம் திருத்துவது, கோட்டை காப்பது, படைக்கு ஆள் அனுப்புவது ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்த அரச ஊழியமும் இந்த நிலத்துக்கு இல்லை என்பது தானத்தின் நிபந்தனை. நம்மூர்ச் செப்பேடுகளில் 'இறையிலி' என்று வருமே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. பிறகு வேறு ஊர்களை அந்த மடத்துக்குத் தானமாகக் கொடுத்தவர்கள் இந்த நிபந்தனைகளைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கவில்லை. எல்.எஸ்.ஏ. என்று மூன்றே எழுத்து. 'லீபெரெ சிகுத் அடிஷம்' என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம் அது: அடிஷத்தைப் போலவே விடுதலையாக. கென்ட் மாநில வரலாற்றை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த எட்வர்ட் ஹேஸ்டட் இதைப் பதிவுசெய்திருக்கிறார். ஒரு சின்னக் கிராமத்தின் பெயர் விடுதலைக்கு அளவுகோலாகச் சாசனங்களில் ஏறியது இப்படித்தான்.

அந்த விடுதலை நிலத்தின் விடுதலை என்பதையும் கவனிக்க வேண்டும். சாசனம் பேசியது மண்ணைப் பற்றி. அதை உழுத கைகளைப் பற்றி அது பேசவில்லை. அப்புத்தளை இருக்கும் ஊவாவின் மலைகளில் நின்று இந்த வரலாற்றைப் படிக்கிறவருக்கு இந்த வேறுபாடு சட்டென்று உறைக்கும்.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1540இல் கேன்டர்பரி மடமும் போயிற்று. அடிஷம் நிலம் புதிய ஆங்கிலிக்கன் பேராலய நிர்வாகத்தின் கைக்கு வந்தது. ஊரும் கோவிலும் இருந்தன, துறவிகள் இல்லை. மூன்று நூற்றாண்டுகள் கழித்து, அந்த ஊர்க் கோவிலின் குருவாக இருந்த ஹென்றி மொன்டேகு வில்லியர்ஸுக்கு 1869இல் ஒரு மகன் பிறந்தான். அவர்தான் தோமஸ் வில்லியர்ஸ். தாய்வழியில் பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபுவின் பேரன். இலங்கைக்குத் தோட்டத்துரையாக வந்து, கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராகி, 'சேர்' பட்டமும் பெற்றார். 1927இல் அப்புத்தளையில் வீடு கட்டத் தொடங்கினார். 1931இல் குடிபுகுந்தார். வீட்டுக்குத் தன் தகப்பனார் குருவாக இருந்த கிராமத்தின் பெயரை வைத்தார்.

பிறந்த ஊர் நினைப்பில் வைத்த பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊவாவின் தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர்களில் பல இப்படி வந்தவைதான். அந்த ஏக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே மலைகளில், இராமநாதபுரத்தையும் திருச்சியையும் புதுக்கோட்டையையும் விட்டு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் ஊர்ப்பெயரை ஒரு கல்லில் பொறிக்க அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர்கள் இருந்தது லயத்தில். ஆங்கில 'லைன்' என்பதே லயம் ஆனது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. குதிரை கட்டும் லாயத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்களும் உண்டு. துரை இருந்தது பங்களாவில். வங்காளத்து வீட்டமைப்பைக் குறித்த 'பங்களா' என்ற சொல்லைத்தான் ஆங்கிலேயர் தங்களோடு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மேலே பங்களா, கீழே லயம். மலையகத் தமிழில் இந்த இரண்டு சொற்களும் ஒரு முழுச் சமூக அமைப்பையே சொல்லிவிடும்.

வில்லியர்ஸ் 1940களின் முடிவில் நாடு திரும்பினார். வீடு கைமாறி, 1960களின் தொடக்கத்தில் சில்வெஸ்திரியன் துறவிகளிடம் வந்து சேர்ந்தது. 1231இல் இத்தாலியின் மொன்டேஃபானோ மலையில் சில்வெஸ்தர் குஸ்ஸொலினி தொடங்கிய சபை அது. ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை அப்படியே ஏற்றுக்கொண்ட சபை. 1845இலேயே அவர்கள் இலங்கைக்கு வந்துவிட்டார்கள். கண்டியும் ஊவாவும் அவர்களுடைய மறைப்பணித் தளங்களாக இருந்தன. ஆக நானூறு வருடங்களுக்கு மேல் துறவிகள் இல்லாமல் கிடந்த பெயர், கென்ட்டிலிருந்து கடல் கடந்து வந்து, மறுபடி ஆசீர்வாதப்பரின் துறவிகளுடைய வாசலில் தொங்கியது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. துறவிகள் வீட்டோடு பெயரையும் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பெயருக்கும் ஆசீர்வாதப்பருக்கும் இன்னும் பழைய ஒரு முடிச்சு உண்டு. ஆசீர்வாதப்பர் கி.பி. 480 அளவில் இத்தாலியின் நூர்சியாவில் பிறந்தவர். 547 அளவில் இறந்தவர். அவருடைய வாழ்க்கையை நமக்குத் தந்தவர் பாப்பரசர் பெரிய கிரகோரியார். அந்த வரலாற்றின் முதல் வரியிலேயே கிரகோரியார், இவர் அருளாலும் பெயராலும் ஆசி பெற்றவர் என்ற பொருளில் பெயரை வைத்து விளையாடுகிறார். இதே கிரகோரியார்தான் 597இல் கென்ட் நாட்டில் வந்திறங்கிய அகுஸ்தீனாரையும் துறவிகளையும் அனுப்பியவர். அந்தத் துறவிகள் அமைத்த ஆலயத்துக்குத்தான் அடிஷம் தானமாயிற்று. ஆசீர்வாதத்தின் கதையை எழுதிய கையே அடிஷத்துக்குத் துறவிகளையும் அனுப்பியிருக்கிறது.

'பெனதிக்துஸ்' என்ற இலத்தீன் பெயரில் இரண்டு பாகம். 'பெனே' நல்லதாக, 'தீசெரே' சொல்லுதல். நல்லது சொல்லப்பட்டவன். தமிழ்க் கத்தோலிக்கர் அதற்கு வைத்த பெயர் ஆசீர்வாதம். வடமொழியில் 'ஆசிஸ்' வேண்டுகை, 'வாதம்' சொல். அங்கேயும் சொல், இங்கேயும் சொல். வடமொழி வழியாக வந்த தமிழ்ப்பெயர் இலத்தீன் பெயரின் எலும்புக்கூட்டையே அப்படியே ஏந்தி நிற்கிறது. பேதுருவை இராயப்பராகவும் பவுலைச் சின்னப்பராகவும் யோவானை அருளப்பராகவும் ஆக்கிய தலைமுறைகளின் வேலை இது. ஆசீர்வாதம் என்று ஆணுக்கும் ஆசீர்வாதம்மாள் என்று பெண்ணுக்கும் வைத்த பெயர் தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஊர்களில் வேரூன்றி, கப்பலேறி மலையகத்துக்கும் வந்தது. புரொட்டஸ்டன்ட் குடும்பங்களிலும் இந்தப் பெயர் உண்டு. அங்கே அது பெரும்பாலும் ஆசி என்ற பொதுப்பொருளில் வைத்தது. ஆகவே ஆசீர்வாதம் என்றவர் எல்லாரும் பெனடிக்டின் பெயரர் என்று சொல்லிவிட முடியாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். துறவிகளின் ஞானம் ஊவாத் தோட்டத்துக் கிறிஸ்தவர்களிடம் வந்தது எந்த வழியாக? அடிஷம் என்ற கல்வீட்டின் வழியாக மட்டும் வரவில்லை. அது வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு சாதாரணப் பெயராகவும் ஒரு மணிமாலையாகவும் லயத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆசீர்வாதப்பரின் ஒழுங்குப்படி துறவிகள் 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவன் சங்கீதம் பாடுவது எப்படி? இடைக்கால ஐரோப்பாவில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். 150 சங்கீதத்துக்குப் பதிலாக 150 செபம். முதலில் பரலோக மந்திரம், பிறகு அருள் நிறைந்த மரியே. எண்ணிக்கை தவறாமலிருக்க மணி கோத்த கயிறு. அதுதான் செபமாலை. அதற்கு 'மரியாயின் சங்கீதமாலை' என்றே பழைய பெயர் உண்டு. 150ஐ மூன்றாகப் பிரித்து ஒரு வேளைக்கு ஐம்பது. முன்னால் மூன்று சேர்த்து 53. நம் பாட்டிமார் '53 மணி செபம்' என்று சொல்வது அந்தக் கணக்கு. லயத்து இஸ்தோப்பிலோ உள்வீட்டிலோ மடு மாதா படத்துக்கு முன் மெழுகுதிரி கொளுத்தி, கொழுந்துக்கறை போகாத விரல்களால் அந்த மணிகளை உருட்டுகிற பெண், ஆசீர்வாதப்பரின் மொன்டே கசினோ மடத்தின் சங்கீத ஒழுங்கைத்தான் தன் வீட்டுக்குள் நடத்திக்கொண்டிருக்கிறாள். காலை, மதியம், மாலை மூன்று வேளை கோவில் மணிக்கு நின்று சொல்லும் திரிகால செபமும் மடத்து மணியைச் சுற்றி வளர்ந்ததுதான்.

துறவு என்பது குருக்களுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அது பிற்காலத்தில் வந்த எண்ணம். ஆசீர்வாதப்பரின் காலத்தில் துறவிகளில் பெரும்பாலோர் குருப்பட்டம் பெறாத பொதுநிலையினர். அவருக்கும் முன்னால், எகிப்தின் பாலைவனத்துக்குப் போன அந்தோனியாரும் பொதுநிலையினர்தான். அவரைத் தமிழர்கள் வனத்து அந்தோனியார் என்றார்கள். அவருக்கு முந்திய பவுலை வனத்துச் சின்னப்பர் என்றார்கள். மணல்வெளி அறியாத நாட்டில் தவம் செய்கிற இடம் வனம்தானே. 1950 மார்ச் 21, அன்றைய ஆசீர்வாதப்பர் திருநாளில், குளித்தலையில் காவிரிக்கரையில் தொடங்கிய கிறிஸ்தவ ஆசிரமம்கூடச் சாந்திவனம் என்றுதான் வழங்குகிறது. வனத்து அந்தோனியாரைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. அவருக்கு நிகரான ஒருவன் நகரத்தில் இருக்கிறான் என்று வனத்தில் அவருக்கு வெளிப்படுகிறது. யார் என்று பார்த்தால் ஒரு வைத்தியன். தன் தேவைக்கு மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, நாள் முழுவதும் இறைவனைப் பாடிக்கொண்டிருந்தவன். துறவின் பலனை நகரத்தில் வாழ்கிறவனும் அடையலாம் என்பது வனத்துத் தந்தையர்களே ஒப்புக்கொண்டுவிட்ட விஷயம்.

ஆனால் தோட்டத்தில் இதைப் பேசும்போது ஒரு எச்சரிக்கை தேவை. மடத்தில் மணி அடித்தால் துறவி கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டுச் செபத்துக்கு எழுந்துவிட வேண்டும் என்பது ஒழுங்கு. தோட்டத்திலும் விடியுமுன் தப்பு முழங்கியது, கொம்பு ஊதியது. பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும், பேர் கூப்பிடுவார்கள், எந்த மலை என்று சொல்வார்கள். ஆங்கில 'பரேட்' என்பதுதான் பெரட்டு ஆகியிருக்க வேண்டும். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி: மணி, வரிசை, கைவேலை, கட்டுப்பாடு. ஆனால் துறவி அந்த மணியைத் தானே தேர்ந்தெடுத்தவன். பெரட்டுக்குப் போனவருக்கு அந்தத் தேர்வு இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் எண்ணிக்கையாகப் பிரித்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்பதே 2021இல்தான் வர்த்தமானிக்கு வந்தது. இந்த மக்களிடம் போய், சோம்பல் ஆன்மாவுக்குப் பகை, உழைப்பே செபம் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது ஆசீர்வாதப்பருக்குச் செய்யும் துரோகம்.

அவருடைய ஒழுங்கில் 73 அதிகாரங்கள். உழைப்பைப் பற்றிய 48ஆம் அதிகாரத்தை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு மற்றதை மடத்துக்குள் பூட்டி வைக்க முடியாது. அந்த 48ஆம் அதிகாரத்திலேயே வாசிப்புக்கு நேரம் உண்டு, சாப்பாட்டுக்குப் பின் படுக்க நேரம் உண்டு, நோயாளிக்கும் பலவீனருக்கும் ஏற்ற வேலையைக் கொடுக்கச் சொல்லும் கரிசனமும் உண்டு. 34ஆம் அதிகாரம் அவரவர் தேவைக்குத் தக்கபடி பகிர்ந்து கொடுக்கச் சொல்கிறது. 35ஆம் அதிகாரத்தில் அடுக்களை முறை: வாரமுறை வைத்து எல்லாரும் மாறி மாறிச் சமைத்துப் பரிமாற வேண்டும். மலையிலிருந்து திரும்பிய பெண் நேரே அடுப்படிக்குப் போக, ஆண் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் அந்த ஒரு அதிகாரத்தைக் கைக்கொண்டால் போதும், வீடு மாறிவிடும். 31ஆம் அதிகாரம் மடத்தின் பண்டசாலைக்காரருக்கு உரியது. மண்வெட்டியானாலும் பானையானாலும் மடத்துச் சாமான்கள் எல்லாவற்றையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போல மதிக்க வேண்டும் என்கிறது. இரவில் கவாத்துக் கத்தியைத் துடைத்து எண்ணெய் பூசி இறவானத்தில் செருகி வைக்கும் தொழிலாளி இந்த அதிகாரத்தைப் படித்ததில்லை. கைக்கொண்டு வந்திருக்கிறார். 57ஆம் அதிகாரம் மடத்துக் கைவினைஞரைப் பற்றியது. மடத்துப் பொருளுக்கு விலை வைக்கும்போது பேராசை நுழையக்கூடாது, வெளியார் விலையைவிடச் சற்றுக் குறைத்தே கொடுக்க வேண்டும் என்கிறது. அடிஷத்துத் துறவிகள் கொய்யா ஜெலி காய்ச்சி விற்பதை வெறும் வியாபாரம் என்று நினைக்கிறவர்கள் இந்த அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். கைவேலையால் தங்கள் சோற்றைத் தேடிக்கொள்வது அவர்களுக்குக் கடமை. யாழ்ப்பாணத்தில் தோலகட்டி ஆசிரமத்துச் செபமாலைதாசர்கள் பழரசம் செய்வதும் இதே வழிதான்.

இந்த ஒழுங்கை மடத்துக்கு வெளியே கொண்டுவந்து நடத்திக் காட்டிய ஒருவர் ஊவாவிலேயே இருந்தார். ஆயர் லியோ நாணயக்கார. சில்வெஸ்திரியன் துறவி. 1959 முதல் கண்டியின் ஆயர். 1972 டிசம்பரில் கண்டியிலிருந்து பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிந்தபோது, பெரிய கல்லூரிகளும் வசதிகளும் உள்ள கண்டியை விட்டுவிட்டு, ஏழை மறைமாவட்டமான பதுளையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பண்டாரவளையில் 'சேவக செவன' என்ற குருமடத்தைத் தொடங்கினார். குருவாக வருகிறவன் கிராமத்துச் சனத்தோடும் தோட்டத்துச் சனத்தோடும் வாழ்ந்து படிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1982இல் இறக்கும்வரை பதுளையில்தான் இருந்தார். அடிஷத்தைப் போலவே விடுதலையாக என்ற பழைய சாசனத் தொடரை நிலத்திலிருந்து மனிதருக்கு மாற்றி வாசித்தவர் அவர் என்று நான் நினைக்கிறேன்.

இன்று தோட்டங்களில் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம் என்று பெயர் வைப்பார் அருகிவிட்டார்கள். பெனடிக்ட், பெனி, பெனிட்டா என்று வைக்கிறார்கள். வைக்கட்டும், அதுவும் அதே பெயர்தான். ஆனால் உங்கள் குடும்பத்தில் ஒரு ஆசீர்வாதமோ ஆசீர்வாதம்மாளோ இருந்திருந்தால், அவர்கள் எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் இருந்தார்கள், எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். ஆசீர்வாதப்பரின் திருநாள் இப்போது ஜூலை 11. அன்றைக்கு அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு 53 மணி சொல்லுங்கள், அன்றிரவு சமையலை அவர்களுடைய பேரன்மார் பார்த்துக்கொள்ளட்டும்.